கோப்பான் இடிபாடுகளில் வழிகாட்டிச் சேவை: ஒரு மதிப்புரை

ஹோண்டுராஸில் உள்ள கோப்பான் என்னும் பண்டைய மாயா நாகரிக நகரைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிச் சேவையை, கற்களின் அழகை மட்டும் பார்த்துத் திரும்ப விரும்பாதவர்களுக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன். எங்களுடன் வந்த வழிகாட்டி, ஒவ்வொரு கட்டடத்தையும் அதை எழுப்பிய மன்னனின் அரசியல் தேவையோடு இணைத்தே விளக்கினார்.

கி.பி. 776-இல் நிறுவப்பட்ட 'கியூ' பலிபீடத்தின் முன் அவர் நெடுநேரம் நின்றது முற்றிலும் தகும். அதன் நான்கு பக்கங்களிலும் பக்கத்துக்கு நால்வராகப் பதினாறு மன்னர்கள் அமர்ந்திருக்க, வம்சத்தை நிறுவிய யாஷ் குக் மோ, தனக்கு ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகள் பின்னே வந்த பதினாறாம் மன்னன் யாஷ் பசாக்கிடம் நேருக்கு நேர் ஆட்சிச் சின்னத்தை நீட்டுகிறார். அரசுரிமையை இதைவிடத் துணிவாகக் கல்லில் கோர முடியாது.

738-இல் அண்டை மாயா நகரான கிரிகுவாவின் அரசன் கோப்பானின் பதின்மூன்றாம் மன்னனைச் சிறைபிடித்துக் கொன்ற பின், வம்சத்தின் மதிப்பை மீட்கவே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சித்திர எழுத்துகள் கொண்ட படிக்கட்டு விரிவாக்கி முடிக்கப்பட்டது என்ற விளக்கமும் சிறப்பாக இருந்தது.

பந்தாட்டக் களத்தை அவசரமாகக் கடந்ததே குறை. சிற்ப அருங்காட்சியகத்தில், பதினாறாம் எண் கோயிலுக்குள் இடிக்கப்படாமல் புதைக்கப்பட்ட ரோசாலிலா கோயிலின் சிவப்பு வண்ண முழு அளவு மாதிரிக்குப் போதிய நேரம் ஒதுக்குமாறு வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.