வாரம் ஒருமுறை சேர்ந்து வாசிப்பது: வெள்ளவத்தையில் ஒரு நீண்டகால அனுபவம்

கொழும்பில் வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு வாத்தியத்தையும் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலானோர் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் வாசிக்கிறார்கள். அப்படிப்பட்ட நாலைந்து பேர் வாரம் ஒருமுறை ஒரே அறையில் கூடினால் அது எத்தனை காலம் தாங்கும், என்ன தரும், எங்கே இடிக்கும் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கூட்டம் 2019இல் வெள்ளவத்தையில், ஒரு தொடர்மாடி வீட்டு ஹோலில் தொடங்கியது. ஊரடங்கு, மின்வெட்டு, பெற்றோல் வரிசை எல்லாவற்றையும் கடந்து இன்றைக்கும் சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கிறது. இத்தனை வருடம் பாவித்த ஒன்றைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எங்களில் யாரும் இசையால் உழைப்பவர் இல்லை. நான் கோட்டையில் ஒரு கப்பல் சரக்குக் கம்பனியில் கணக்குப் பார்க்கிறேன், கிற்றார் வாசிப்பேன். பாடுகிற அக்கா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளை எழுதித் தேறியவர். கீபோர்ட் அண்ணன் கொட்டாஞ்சேனைக்காரர், கோவில் பாடகர் குழுவில் வளர்ந்தவர், கலியாண வீடுகளில் பைலா என்கிற இலங்கைத் துள்ளல் பாட்டு வாசித்துக் கை பழகியவர். தபலா வாசிப்பவர் தெகிவளையில் இருக்கும் சிங்கள நண்பர். தமிழ் நன்றாகக் கதைப்பார். ஹார்மோனியத்தோடு வருகிற மாமா தபால் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் எல்லாரிலும் அதிகம் பாட்டுக் கேட்டவர்.

இந்த ஐந்து பேருக்கும் ரசனை ஒத்துப்போகவே போகாது. அண்ணனுக்கு விளம்ப காலத்தில், அதாவது மெதுவாகப் போகிற எதையும் கேட்கப் பொறுமை இல்லை. அக்காவுக்கு மின்சார வாத்தியச் சத்தம் பிடிக்காது. மாமா 1975க்குப் பிறகு வந்த திரைப்பாட்டை அவ்வளவாக மதிக்கமாட்டார். ஆனாலும் கூட்டம் உடையவில்லை. அதற்குக் காரணம் என்று நான் நம்புவது ஒன்றைத்தான்: வாத்தியத்தை எடுக்க முன்னம் நாங்கள் ஒரு மணித்தியாலம் அவரவர் வாரத்தைப் பற்றிக் கதைக்கிறோம்.

இது திட்டம் போட்டு வந்த பழக்கம் இல்லை. தபலா நண்பர் காலி வீதி நெரிசலில் மாட்டி எப்போதும் பிந்தித்தான் வருவார். அவர் வரும்வரை இஞ்சி போட்ட பிளேன் டீயும் கதையும் ஓடும். பாடசாலையில் என்ன நடந்தது, கந்தோரில் யார் லீவு தரவில்லை, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, மரக்கறி என்ன விலை. போகப் போக, அந்தக் கதைகள்தான் அன்றைக்கு என்ன வாசிப்பது என்பதைத் தீர்மானிக்கத் தொடங்கின. ஒரு முறை அக்காவின் அம்மா வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அன்றுதான் வீட்டுக்கு வந்திருந்தார். அக்கா தாளம் இல்லாமல் ஒரு தேவாரம் மட்டும் பாடிவிட்டுப் போகிறேன் என்றார். மெதுவான பாட்டு என்றால் கைப்பேசியை எடுத்துவிடும் அண்ணன் அன்றைக்கு அதைக் கீழே வைத்துவிட்டு, முடிந்ததும் "இன்னொருக்கா பாடுங்கோ அக்கா" என்று கேட்டார். யார் பாடுகிறார், என்ன நிலையில் பாடுகிறார் என்று தெரிந்தால் காது வேறு மாதிரி வேலை செய்கிறது. இதை நான் பலமுறை கண்டுவிட்டேன்.

கேட்கும் முறைக்கும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வாரமும் ஒருவர் தனக்குப் பிடித்த ஒரு பாட்டைக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் அதை முதலிலிருந்து கடைசிவரை குறுக்கே கதைக்காமல் கேட்க வேண்டும். "இது அந்தப் பாட்டு மாதிரி இருக்கே" என்ற பேச்சு முடிந்த பிறகுதான். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பாட்டைப் பாதியில் நிறுத்தி அடுத்ததைத் தட்டுகிற காலத்தில், நமக்குப் பிடித்த ஒன்றை நாலு பேர் முழுதாகக் கேட்பது பெரிய மரியாதை. மாமா கொண்டுவருகிற பாட்டுகளோடு ஒரு சரித்திரமும் வரும். 1952இல் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டைக் கட்டுப்படுத்திய பிறகு எல்லையைத் தாண்டி மக்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள் என்பதை அவர் தன் வீட்டுச் செய்தி போலச் சொல்வார். அவருடைய ஹார்மோனியத்தையே அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஒதுக்கி வைத்திருந்தது. சுரங்கள் அசையாமல் நிற்கும், சுரத்தை அசைத்து எடுக்கும் கமகம் வராது என்பது முக்கியமான குற்றச்சாட்டு. அக்கா இன்றும் அதே குற்றச்சாட்டை அன்போடு சொல்வார். மாமாவும் விடமாட்டார், அக்கா பாடும்போது துருத்தியை மெல்ல அமுக்கி, நீண்ட சுரங்களில் மட்டும் துணை நிற்பார். இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்த வழி அது. கேட்க மிகவும் நன்றாக இருக்கும்.

சுருதிதான் எங்களுக்கு அதிக வேலை வைத்த இடம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கலப்பாகக் கூடுகிற எவருக்கும் இது வரும். அக்காவின் குரல் ஐந்தரைக் கட்டை, அதாவது ஜி ஷார்ப். கிற்றாரில் நான் முதல் கட்டத்தில் காப்போ (எல்லாத் தந்திகளையும் அமுக்கும் கவ்வி) போட்டு ஜி வடிவங்களைப் பிடித்தால் போதும், அண்ணனுக்குக் கீபோர்டில் ஒரு பொத்தான். மாமாவின் ஹார்மோனியத்தில் சுருதி மாற்றும் வசதி இல்லை. கறுப்புக் கட்டையில் இருந்து விரல் பழக வேண்டும், அவர் பழகிவிட்டார். பிரச்சினை தபலாவில். நண்பரின் வலந்தலை ஸி ஷார்ப்புக்குச் சேர்ந்தது. அது அக்காவின் சுருதிக்கு மத்யமம், அதாவது நாலாவது சுரமான 'ம'. சங்கராபரணத்திலோ ஹரிகாம்போதியிலோ சுத்த மத்யமம் இருப்பதால் தபலா அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் மோகனத்தில் மத்யமமே இல்லை. ஒவ்வொரு தட்டும் ராகத்துக்கு வெளியே இருந்து ஒரு சுரத்தைக் கொண்டுவந்து போடும். அதற்காக அக்கா மோகனம் பாடும்போது மட்டும் நாலரைக் கட்டைக்கு இறங்குகிறார். அப்போது அதே ஸி ஷார்ப் மோகனத்தில் உள்ள பஞ்சமம் ('ப') ஆகிவிடும். தபலாவைத் தொடாமலே தீர்ந்தது.

மோகனத்தைப் பற்றி இன்னொன்று. இலங்கையில் சிங்கள இசைக் கல்வி பெரும்பாலும் வட இந்திய முறையைப் பின்பற்றியது. பலர் லக்னோவில் பாத்கண்டே கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள், புகழ்பெற்ற சிங்களப் பாடகர் அமரதேவ உட்பட. அதனால் நண்பருக்கு அதே ஐந்து சுரங்களும் பூபாலியாகத்தான் தெரியும். அக்காவும் நண்பரும் ஒரே சுரங்களை மாறி மாறிப் பாடிக் காட்டிய பின்னேரம் எங்கள் கூட்டத்தின் மிக நல்ல பின்னேரங்களில் ஒன்று. அக்கா காந்தாரத்தையும் ('க') தைவதத்தையும் ('த') அசைத்து அசைத்துப் போனார். நண்பர் சுரத்தில் நின்று, அடுத்ததற்கு நீளமாக வழுக்கிப் போனார். கிற்றார்க்காரனுக்கு அது வெறும் மேஜர் பென்டடோனிக் என்ற ஸ்கேல். அன்றைக்குப் பிறகு அந்த ஸ்கேல் என் விரலில் பழைய மாதிரி வரவில்லை, விரல் எங்கே அசைக்கலாம் எங்கே நிற்கலாம் என்று தேடுகிறது. புத்தகத்தில் படித்திருந்தால் இது கிடைத்திருக்காது.

பைலாவுக்கு அக்காவைக் கொண்டுவருவது கஷ்டமாக இருக்கும் என்று எல்லாரும் எண்ணினோம். போர்த்துக்கீசர் காலத்து கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசையின் வழிவந்த ஆறு-எட்டுத் தாளம். நண்பர் அதைத் தாத்ரா தாளமாகப் பிடித்தார், அக்கா திஸ்ர நடை என்று கையில் போட்டுக்கொண்டார், அண்ணன் இடதுகையில் பாஸ் ஓட்டினார். மூன்று வழியாக வந்து ஒரே இடத்தில் சேர்ந்தார்கள். பொலிஸ்காரராக இருந்து பைலாவை மேடை ஏற்றிய வாலி பஸ்டியன்ஸ் பற்றி அண்ணன் கதை கதையாகச் சொல்வார். தமிழில் அதே துள்ளலோடு பாடிய நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் என்று மாமா தொடருவார். அந்த வரிசை வந்துவிட்டால் இரவுச் சாப்பாடு பிந்தும்.

இடம் பற்றி. வெள்ளவத்தையில் ரயில் பாதை கடலோரமாகவே போகிறது. மரைன் டிரைவ் பக்கத்து வீடு என்றால் எந்த ஒலிப்பதிவிலும் ரயில் இருக்கும். ஆலாபனைக்கு நடுவில் வந்தால் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்குவோம். மாலையில் பாணும் பணிஸும் விற்கிற சூன் பாண் ஓட்டோ பீத்தோவன் மெட்டோடு வரும். அண்ணன் அதைக் கீபோர்டில் பிடித்துத் தொடர்வார், யாராவது இறங்கிப் போய் மாலு பணிஸ் வாங்கி வருவார்கள். தொடர்மாடியில் சத்தம் ஒரு நிரந்தரப் பிரச்சினை. எட்டு மணிக்கு மேல் தபலா இல்லை என்று அயல் வீடுகளுக்குச் சொல்லி, அந்தச் சொல்லைக் காப்பாற்றி வருகிறோம். கோபமாக வந்து கதவைத் தட்டிய கீழ்மாடி அன்ரி பிறகு தன் பேத்தியைக் கேட்க அனுப்பினார்.

கடற்காற்று வாத்தியங்களுக்கு ஆகாது. கிற்றார் மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள், கொழும்பில் அது பெரும்பாலும் 70ஐத் தாண்டித்தான் இருக்கும். இரும்புத் தந்திகள் என் கையில் சீக்கிரம் துருப்பிடித்தன. நைலோனுக்கு மாறினேன், மேல்சுரத்தில் ஒலிக்கும் மூன்று தந்திகளுக்குத் துரு என்ற பேச்சே இல்லை, உலோகம் சுற்றிய மற்ற மூன்றையும் வாசித்தவுடன் துடைத்தால் நீண்ட நாள் வரும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைக்கிறேன். மழை நாளில் தபலாத் தோல் தளரும், சுத்தியலோடுதான் நண்பர் வருவார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கூட்டம் கைப்பேசிக்குப் போனது. இணைய அழைப்பில் சேர்ந்து வாசிப்பது நடக்கிற காரியம் இல்லை. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மூன்று மீட்டர் தள்ளி இருப்பவரின் தட்டு ஒன்பது மில்லிநொடியில் காதுக்கு வந்துவிடும். அழைப்பில் அது நூறையும் தாண்டும், தாளம் குலைந்துவிடும். போதாததற்கு, மாறாமல் ஒலிக்கும் தம்பூராவைக் கைப்பேசி, ஏதோ மின்விசிறி இரைச்சல் என்று எடுத்து வெட்டிவிடும். எங்களுக்குச் சரிவந்த வழி அஞ்சல் முறை. ஒருவர் சுருதியும் தாளமும் பதிவு செய்வார், அடுத்தவர் காதில் ஹெட்போன் போட்டு அதன்மேல் வாசித்துச் சேர்ப்பார். அதற்கு பேண்ட்லேப் என்ற இலவசச் செயலி இன்றுவரை நன்றாகவே உதவுகிறது. வாட்ஸப்பில் அனுப்பும்போது குரல் செய்தியாக அனுப்பாமல் கோப்பாக இணைத்தால் ஒலி சுருங்காது. ஆனால் அந்த மாதங்களில் நாங்கள் அதிகம் அனுப்பியது இசைக் கோப்புகளை அல்ல. எங்கே அரிசி கிடைக்கிறது, யாருக்கு எந்த மருந்து வேண்டும் என்ற குரல் செய்திகளைத்தான்.

2022இல் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கீபோர்டுக்கு உயிர் இல்லை. பெற்றோல் இல்லாததால் தெகிவளை நண்பர் தபலாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் கைத்தாளம் போட்டுப் பாடத் தொடங்கியது அப்போதுதான். அவரிடம் அவ்வளவு நல்ல குரல் இருந்தது எங்களுக்குத் தெரியாது. அடுத்த வருடம் அவர் குடும்பத்தோடு கனடா போய்விட்டார்.

இதுதான் இந்த அனுபவத்தின் கடினமான பக்கம். கொழும்பில் எந்தக் கூட்டமும் ஆளை இழந்துகொண்டே இருக்கும். ஒரு வாத்தியம் போனால் இன்னொன்றை வாங்கலாம், ஒரு ஆளின் இடத்தில் இன்னொரு ஆளை வைக்க முடியாது. டொரொன்டோ எங்களைவிடக் கோடையில் ஒன்பதரை, குளிரில் பத்தரை மணித்தியாலம் பின்னால். நாங்கள் பின்னேரம் கூடும்போது அவருக்கு விடியல். வேலைக்குப் போக முன்னம் பத்து நிமிடம் எடுத்து, பனி விழுவதைக் காட்டுவார். பாஸ் பகுதியைப் பதிந்து அனுப்புவார், நாங்கள் அதை ஒலிக்கவிட்டு வாசிப்போம். உயிரோடு வாசிப்பதற்கு ஈடாகாது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. கைத்திறன் வேகமாக வளர வேண்டும் என்றால் இது போதாது, அதற்கு ஒரு குருவிடம் போக வேண்டும். மேடை ஏறவேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் ஒரு வருடத்தில் சலித்துப் போவார்கள். இரண்டு பேர் அப்படி வந்து போனார்கள், நல்லபடியாகவே பிரிந்தோம். செலவு என்று பார்த்தால் தந்தி, தேயிலை, பணிஸ், ஓட்டோக்காசு. அது ஒரு பொருட்டே இல்லை.

அண்ணனின் இடத்துக்கு நாங்கள் கீபோர்ட் தேடவில்லை. இப்போது வேண்டியது ஒரு வயலின், அக்காவின் கமகங்களைத் தொடர்ந்து வரக்கூடிய ஒரு வாத்தியம். பம்பலப்பிட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி சிறுவயதில் படித்தாராம், கை விட்டுப் பல வருடமாம். வில்லுக்குப் புது மயிர் போடக் கொடுத்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை வாத்தியம் இல்லாமலே தேத்தண்ணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.