235,000 ரூபாய் போனது: பாவித்த லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள்

நேற்று மாலை ஆறு மணிக்கு அந்தக் கடையின் படிகளில் இறங்கி வந்தேன். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. பறவைப் படம் எடுக்கப் பாரம் குறைந்த டெலிபோட்டோ லென்ஸ் (தூரத்தில் உள்ளதைக் கிட்டக் காட்டும் லென்ஸ்) எது நல்லது என்று மூன்று மாதம் தேடி அறிந்ததை விளக்கமாக எழுதித் தருவதாகச் சிலருக்குச் சொல்லியிருந்தேன். அதையும் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் என் 235,000 ரூபாய் எப்படிப் போனது என்று சொல்லாமல் என்னால் வேறு எதையும் எழுத முடியவில்லை.

கடையின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு கொடுக்கப் போகிறேன், அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று தம்பி சொல்கிறான். கொழும்பில் ஒரு வணிகக் கட்டடத்தின் மேல்மாடியில், பாவித்த கமராவும் லென்ஸும் விற்கும் சின்னக் கடை என்பதோடு விடுகிறேன்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தலங்கம குளத்துக்குப் போகிறவள். வெள்ளவத்தையில் இருந்து இருட்டோடு வெளிக்கிட்டால், பத்தரமுல்லை தாண்டி, வெயில் ஏறுவதற்குள் குளக்கட்டில் நிற்கலாம். உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்கள் என்று 2018 இல் அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. இங்கே பறவை பார்க்க ஜீப் வேண்டாம், கால் இருந்தால் போதும். ஆனால் நடந்து திரிகிறவளுக்குக் கையில் உள்ள பாரம்தான் எல்லாம். என்னுடையது நிக்கான் டி7200. லென்ஸ் இல்லாமல் ஒரு நண்பரின் 200-500 மில்லிமீட்டர் லென்ஸை இரவல் வாங்கிப் பாவித்து வந்தேன். அது மட்டும் 2,300 கிராம். கமராவோடு மூன்று கிலோவைத் தாண்டும். தாமரை இலையில் நிற்கும் நீளவால் இலைக்கோழி எழும்பட்டும் என்று அதைத் தூக்கிப் பிடித்துக் காத்திருப்பேன். அது எழும்பும் நேரம் பார்த்து என் கை இறங்கிவிடும். போன வருடம் வலது மணிக்கட்டில் நரம்பு அழுத்தம் வந்து வைத்தியர் பட்டி போட்டுவிட்டார். பாரம் தூக்கக் கூடாது என்றார். படம் எடுப்பதை விடுவதா, லென்ஸை மாற்றுவதா என்ற நிலை. விட மனம் வரவில்லை.

தேடினேன். சிக்மா 100-400 பார்த்தேன், 1,160 கிராம், விலையும் பரவாயில்லை. ஆனால் 400 இல் எஃப் 6.3 தான் (இந்த எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும்), விடியற்காலை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளியுணர்வை, கண்டபடி ஏற்ற வேண்டும். கெனான் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம்; அதற்குக் கமராவையே மாற்ற வேண்டும், 400 இல் எஃப் 8 வேறு. நிக்கானின் 500 பிஎஃப் 1,460 கிராம், அதன் விலை என் கைக்கு எட்டாது. கடைசியில் மனதில் நின்றது நிக்கான் 300 எஃப் 4 பிஎஃப். 2015 இல் வந்த லென்ஸ், 755 கிராம். அதற்கு முன்பு இருந்த 300 எஃப் 4 இன் எடை 1,440 கிராம், ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். உள்ளே ஒரு கண்ணாடியில் வட்டவட்டமாக மிக நுண்ணிய வரிகள் இருக்கின்றன, பிஎஃப் என்பது அதைத்தான். நிறச்சிதறலை அந்த ஒரு கண்ணாடி சரிசெய்துவிடுவதால் மற்றக் கண்ணாடிகளின் பாரமும் லென்ஸின் நீளமும் குறைகின்றன. டி7200 இன் சென்சர் சிறியது என்பதால், அதில் போட்டால் 450 மில்லிமீட்டருக்கு உள்ள பார்வைக் கோணம் கிடைக்கும். தூரம் போதாவிட்டால் பிறகு லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவில் பூட்டி 1.4 மடங்கு பெருப்பிக்கும் டெலிகன்வர்ட்டர் ஒன்று வாங்கலாம், அதோடு சேர்த்தும் ஒரு கிலோ வராது. எனக்கென்றே செய்த லென்ஸ் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். லென்ஸில் பிழை இல்லை, எனக்கு விற்றவர்களில்தான் பிழை.

புதிதாக வாங்க வசதி இல்லை. சீட்டுக் காசு 150,000, போனஸ் 60,000, தம்பி தந்தது 25,000. மூன்றையும் சேர்த்தால் 235,000. அந்தக் கடையில் இந்த லென்ஸ் இருக்கிறது, 245,000 என்று விளம்பரம் பார்த்துப் போன் பண்ணினேன். "வாங்கோ தங்கச்சி, வந்து கையில வச்சுப் பாருங்கோ" என்றார் கடைக்காரர்.

போனேன். அறுபது வயது இருக்கும் அவருக்கு. கதிரை இழுத்துப் போட்டு, பையனை அனுப்பிப் பிளேன்டீ எடுப்பித்தார். ஊர் எது என்று கேட்டார். வடமராட்சி என்றதும், "என்ர அம்மாவும் அந்தப் பக்கம்தான்" என்றார். என் மணிக்கட்டுப் பட்டியைப் பார்த்துவிட்டு, தன் மனைவிக்கும் அதே வருத்தம் என்று எண்ணெய் ஒன்றின் பெயர் சொன்னார். தலங்கமவைப் பற்றிக் கதைத்தார், மன்னாரில் பூநாரை பார்த்ததைக் கதைத்தார். பிறகுதான் லென்ஸை எடுத்தார். ஒரே ஆள் பாவித்தது, ஜப்பானில் இருந்து வந்தது, ஒருநாளும் கழற்றாதது என்றார். வெளியே ஒரு கீறல் இல்லை. கமராவில் பூட்டி, கடைக்குள்ளேயே எதிர்ச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் படம் எடுத்தேன். கமராவின் சின்னத் திரையில் நன்றாகவே தெரிந்தது.

ஒருநாள் தலங்கமவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வாங்கலாமா என்று கேட்டேன். கேட்டேன், அதை நினைக்க நினைக்கத்தான் வயிறு எரிகிறது. அவர் லென்ஸை என் கையில் வைத்து, என் கையை மூடி, "ஒரு நாள் என்ன தங்கச்சி, ஒரு கிழமை பாவிச்சுப் பாருங்கோ. சரிவராட்டிக் கொண்டு வாங்கோ, காசை அப்பிடியே தாறன். நான் எங்க ஓடப் போறன்?" என்றார். அந்த இடத்தில் நான் நம்பிவிட்டேன். அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை. காசாகத் தந்தால் 10,000 குறைக்கலாம் என்றார். கீழே போய் ஏடிஎம்மில் எடுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்ததோடு சேர்த்து 235,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பில்லில் "லென்ஸ் 300, பாவித்தது" என்று மட்டும் எழுதினார். சீரியல் இலக்கம் இல்லை. ஒரு கிழமை என்ற வாக்கும் இல்லை. நானும் எழுதச் சொல்லவில்லை. அண்ணன் மாதிரிக் கதைத்த ஆளிடம் அதை எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருந்தது.

அடுத்த நாளே ஞாயிறு. காலை ஆறரைக்குக் குளக்கட்டில் நின்றேன். கை நோகவில்லை, அந்தச் சந்தோசம் அரை மணித்தியாலம் இருந்தது. நீலத் தாழைக்கோழி ஒன்று புல்லுக்குள் இருந்து வெளியே வந்தது, இருபது படம் எடுத்தேன். மீன்கொத்தி ஒன்று கம்பியில் இருந்தது, அதையும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் எல்லாப் படத்திலும் பால் ஊற்றினது போல ஒரு மங்கல். இடது பக்கம் ஒன்றுமே கூர்மை இல்லை. விஆர் (கை ஆட்டத்தை ஈடுசெய்யும் வசதி) போட்டு எடுத்தவற்றில் பறவையின் கண்ணுக்கு இரட்டை ஓரம். அத்தனையும் ஆயிரத்தில் ஒரு செக்கனில் எடுத்த படங்கள், கை நடுங்கியது என்று சொல்ல இடமில்லை.

திங்கள் காலை போன் பண்ணினேன். "பிஎஃப் லென்ஸ் எண்டா அப்பிடித்தான் தங்கச்சி, வெளிச்சத்துக்கு எதிரா எடுத்தால் புகை மாதிரி வரும்." இது எனக்குத் தெரிந்த விசயம். பலமான விளக்கோ சூரியனோ படத்துக்குள் வந்தால் இந்த வகை லென்ஸில் அதைச் சுற்றி நிற வளையம் வரும், உண்மைதான். என் படங்களில் சூரியன் எனக்குப் பின்னால் இருந்தது. அதைச் சொன்னேன். முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அதுவரை அவர்தான் முதலாளி என்று நினைத்திருந்தேன்.

புதன்கிழமை லீவு போட்டுக் கொண்டுபோனேன். அவர் இல்லை. கவுண்டரில் நின்ற பையன், முந்தி எனக்குப் பிளேன்டீ வாங்கி வந்த அதே பையன், "வைச்சிட்டுப் போங்க மேடம், டெக்னீசியன் பார்ப்பார்" என்றான். வைத்துவிட்டு வந்தேன். ஒன்பது நாள். மெசேஜ் போட்டால் இரண்டு நீலக்கோடு விழும், பதில் வராது. போன் எடுத்தால் வெள்ளிக்கிழமை வாங்கோ, அடுத்த செவ்வாய் வாங்கோ, டெக்னீசியன் கண்டிக்குப் போய்விட்டார். அந்த ஒன்பது நாளுக்குள்தான் எங்கள் ஆட்கள் மன்னாருக்குப் போனார்கள். வங்காலையில் பூநாரை நின்றது. நான் போகவில்லை. இரண்டு வருடமாகக் காத்திருந்த பயணம் அது, குளிர்காலத்துக்கு வந்த பறவைகள் திரும்பிப் போனால் இனி அடுத்த பருவம்தான்.

பத்தாம் நாள் லென்ஸைத் தந்தார்கள். "செக் பண்ணியாச்சு, ஒரு பிழையும் இல்லை, உங்கட கமராவைப் பாருங்க." விஆரைப் போட்டால் இப்போது கடகட என்று சத்தம் வேறு. கமரா திருத்தும் ஒருவரிடம் நேரே கொண்டுபோனேன். அவர் ஒரு நிமிடம்தான் பார்த்தார். பின்பக்கத் திருகாணிகளின் தலையில் கழற்றிய கீறல் இருப்பதைக் காட்டினார். விழுந்த லென்ஸ், யாரோ கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள், கண்ணாடி நேராக உட்காரவில்லை, உள்ளே பூஞ்சணம் வேறு என்றார். திருத்த 85,000 ஆகலாம், ஆனால் பழையபடி வரும் என்று உறுதி தர முடியாது என்றார்.

நேற்று இதையெல்லாம் எழுதிக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இருந்தார். தங்கச்சி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. மேடம், மேடம் என்றார். ஒரு கிழமை என்று தான் சொன்னதாக ஞாபகம் இல்லையாம். சொன்னாலும் ஒரு கிழமை முடிந்துவிட்டதாம். லென்ஸ் ஒன்பது நாள் உங்கள் கடையில்தானே இருந்தது என்று தம்பி கேட்டான். அதற்குப் பதில் இல்லை. பூஞ்சணத்தைச் சொன்னேன். "பூஞ்சணமா? சும்மா கதை. கண்ணாடி மாதிரி இருக்கு" என்று லென்ஸைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

சரி, காசு தர முடியாவிட்டால் நீங்களே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், என்ன தருவீர்கள் என்று தம்பி கேட்டான். அப்போது அவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மேசை லாச்சியைத் திறந்தார். சின்ன டோர்ச் ஒன்றை எடுத்தார். லென்ஸின் பின்பக்கத்தால் வெளிச்சத்தைச் சரித்து அடித்து, எங்கள் இருவருக்கும் காட்டினார். உள்ளே ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பரவிக் கிடந்தது. "பாருங்க, பூஞ்சணம். இதுக்கு 90,000 க்கு மேல தர ஏலாது."

இரண்டு நிமிடத்துக்கு முன்பு இல்லாத பூஞ்சணம். அந்த டோர்ச் நான் பிளேன்டீ குடித்த அன்றும் அதே லாச்சிக்குள்தான் இருந்திருக்கும். என் முழங்கையில் இருந்து ஒரு அடி தூரம். 235,000 ரூபாய்க்கு எனக்கு விற்கும்போது அது வெளியே வரவில்லை, 90,000 க்கு வாங்கும்போது வந்தது. நான் வாங்கிய பிறகு பிடித்த பூஞ்சணம் என்று அவர் சொல்லக்கூடும். இருபது நாளில், அதில் ஒன்பது நாள் அவர் கடையில் இருந்த லென்ஸுக்குள், இவ்வளவு தூரம் பரவாது என்று திருத்துகிறவர் சொன்னார்.

லென்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். இப்போது என் மேசையில் இருக்கிறது, 755 கிராம்.

எந்த லென்ஸ் யாருக்கு என்று விளக்கமாக எழுதுவதாகச் சொன்னதை இன்றைக்கு எழுத முடியவில்லை, மன்னியுங்கள். பாவித்தது வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாக இதை மட்டும் சொல்கிறேன். டோர்ச் ஒன்றை நீங்களே கொண்டுபோங்கள். போன் வெளிச்சமும் போதும், இரண்டு பக்கத்தாலும் சரித்து அடித்துப் பாருங்கள். திருகாணித் தலைகளைப் பாருங்கள். படத்தைக் கடைக்குள் எடுக்காதீர்கள். வெளியே தெருவுக்குக் கொண்டுவந்து, தூரத்தில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை எஃப் 4 இல் எடுத்து, நாலு மூலையையும் பெருப்பித்துப் பாருங்கள். விஆரைப் போட்டுக் காது கொடுங்கள். முழுத் தொகையையும் காசாகக் கொடுக்காதீர்கள், 10,000 குறைப்பார்கள் என்றாலும் வேண்டாம். சீரியல் இலக்கமும் திருப்பித் தரும் வாக்கும் பில்லில் இருக்க வேண்டும். எழுத மாட்டோம் என்றால் எழும்பி வாருங்கள், தேத்தண்ணீர் குடித்திருந்தாலும் எழும்பி வாருங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், நாளைக்கு அதற்காக லீவு போட்டிருக்கிறேன். பில், மெசேஜ்கள், தலங்கம படங்கள் எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்துவிட்டேன். இதே மாதிரி மாடிக் கடை ஒன்றில் யாராவது லென்ஸ் வாங்கி ஏமாந்திருந்தால் உங்கள் பில்லையும் எடுத்து வையுங்கள், எனக்கு எழுதுங்கள்.