பாரிசில் சிக்கனமாகத் தங்க: அத்தை வீடா, லாச்சப்பலா, 14-ஆம் மெட்ரோ லைனா?

புதுச்சேரியில் பாரிசுப் பயணம் என்று பேச்செடுத்தாலே வீட்டில் யாராவது ஒருவர், “சார்செல்ல நம்ம அத்தை இருக்காங்களே, ஓட்டலுக்கு எதுக்குக் காசு?” என்று கேட்டுவிடுவார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1962-இல் இந்தியாவோடு இணைப்பு சட்டப்படி முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களில் பலருக்கு இன்று சார்செல் மாதிரியான பாரிசின் வடக்குப் புறநகர்களில் ஆள் உண்டு. ஆனால் வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், தினமும் ஊருக்குள் போய்வரும் அலைச்சல் கணக்கில் வராமல் போய்விடும். முதல்முறை ஒரு வாரம் போகிற நடுத்தரக் குடும்பத்துக்கு எது சரிப்படும் என்று பார்ப்போம்.

அத்தை வீட்டில் வாடகை இல்லை, வேளாவேளைக்குச் சோறு உண்டு. ஆனால் விசாவுக்கு ஓட்டல் புக்கிங்குக்குப் பதிலாக உறவினர் வீட்டைக் காட்டினால், ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ என்ற விருந்தினர் சான்றிதழை அவர்கள் தங்கள் ஊர் நகராட்சி அலுவலகமான ‘மேரி’யில் வாங்கி, அசலை இங்கே அனுப்ப வேண்டும். அதற்கு முத்திரைக் கட்டணம் உண்டு, 2025-இல் 30 யூரோ. விண்ணப்பத்தை மறுத்தாலும் அது திரும்பாது. வீட்டில் விருந்தாளிக்கு இடம் போதுமா என்றும் விசாரிப்பார்கள். போக்குவரத்துக்கு ஆர்.இ.ஆர். என்ற புறநகர் ரயிலின் டி லைன். பாரிசின் வடக்கு ரயில் நிலையமான கார் து நோரிலிருந்து ஏறக்குறைய கால் மணி நேரம்தான், ஆனால் இறங்கிய பிறகு பெரும்பாலும் பஸ்ஸோ டிராமோ பிடித்தாக வேண்டும். புறநகர் ரயிலில் வேலைநிறுத்தம், பராமரிப்பு வேலை என்றால் அன்றைய திட்டமே குலைந்துவிடும். அப்புறம், விடியற்காலை வேலைக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிற வீட்டில், ஐஃபல் கோபுர விளக்குகளைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் கதவைத் தட்ட மனசு வராது. பயணத்தின் கடைசி இரண்டு நாளை அத்தை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் அது சந்தோஷம், பெட்டி கட்டவும் வசதி.

பாரிசுக்குள்ளேயே ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதிதான் என் முதல் தேர்வு. அதற்கு முக்கியக் காரணம் ரயில். பக்கத்திலேயே இருக்கும் கார் து நோரில் 4, 5 மெட்ரோ லைன்கள், ஆர்.இ.ஆர். பி, டி எல்லாம் சந்திக்கின்றன. சுரங்க நடைபாதை வழியாகவே லாச்சப்பல் ஸ்டேஷனின் 2-ஆம் லைனுக்கும் போய்விடலாம். சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து பி ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் இங்கே. 4-ஆம் லைனில் நோத்ர தாம் பக்கம், 2-ஆம் லைனில் மோன்மார்த்ர் குன்றின் அடிவாரமும் வெற்றி வளைவும். எதற்கும் மாறி ஏற வேண்டாம். மூட்டு வலி உள்ள அம்மா அப்பாவோடு போகிறவர்களுக்கு இதன் அருமை புரியும். பாரிஸ் மெட்ரோவில் லிஃப்ட் இல்லாத ஸ்டேஷன்கள்தான் அதிகம், ஒவ்வொரு மாற்றமும் ஏறி இறங்கும் படிக்கட்டுதான்.

சாப்பாட்டுக்கும் இங்கே குறையில்லை. ஃபோபூர் சாந்தெனி தெருவில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன: தோசை, கொத்து, இடியாப்பம், கறிவேப்பிலை, முருங்கைக்காய். சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்களைக் கூட்டிப் போனால் இந்தத் தெரு ஒன்றே பாதிக் கவலையைத் தீர்க்கும். பழோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் நடந்து போகிற தூரம்.

குறைகளும் உண்டு. ஓட்டல் அறைகள் சின்னவை. பெரிய பெட்டி இரண்டைத் திறந்தால் நடக்க இடமிருக்காது. பழைய கட்டடங்கள் சிலவற்றில் லிஃப்டே கிடையாது, புக் செய்யும்முன் அதைக் கட்டாயம் பாருங்கள். கார் து நோர் கூட்டத்தில் பிக்பாக்கெட்டும் அதிகம். பாஸ்போர்ட்டைச் சட்டைக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, பெரிஃபெரிக் என்ற 35 கிலோமீட்டர் வட்டச்சாலைக்கு வெளியே உள்ள பெரிய நிறுவன ஓட்டல்கள்: இபிஸ் பட்ஜெட், பி அண்ட் பி, சமையல் மேடை உள்ள அதாஜியோ அக்ஸஸ் மாதிரி. ஹோட்டல் எஃப்1 போன்ற மிக மலிவானவற்றில் பல அறைகளுக்குக் குளியலறை பொதுவில்தான், குடும்பத்துக்குச் சரிவராது. வெளியே போனால் வாடகை இறங்கும், அறையும் கொஞ்சம் தாராளம். ஆனால் நிபந்தனை ஒன்று: பக்கத்தில் மெட்ரோ இருக்க வேண்டும், புறநகர் ரயில் மட்டும் போதாது. அதிலும் 14-ஆம் லைனைத் தேடுங்கள். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் லைன், எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு, 2024 ஜூனில் வடக்கே சாந்தெனி பிளேயெல், தெற்கே ஓர்லி விமான நிலையம் வரை நீட்டினார்கள். இதே லைனில் வடக்கே உள்ள சாந்துவான் பக்கம் தங்கினால் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்துப் பிரமீத் ஸ்டேஷனுக்கு நேராகப் போய் இறங்கலாம். பிள்ளைகளோடு நான்கு பேர், காலையில் உப்புமா கிண்டிக்கொள்வோம் என்கிறவர்களுக்கு லாச்சப்பலை விட இதுவே மேல்.

எங்கே தங்கினாலும் ஓட்டல் பில்லில் தங்கல் வரி தனியாக வரும்: ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று. நட்சத்திரம் கூடக் கூட வரியும் கூடும். 18 வயதுக்குக் கீழே வரி இல்லை.

இனி டிக்கெட். இங்கே விமானம் வந்து இறங்கும் கிழமைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2025 கட்டணப்படி மெட்ரோ, ஆர்.இ.ஆர். ஒரு தடவைக்கு 2.50 யூரோ, பஸ், டிராம் 2 யூரோ, விமான நிலைய டிக்கெட் 13 யூரோ. நவிகோ வார பாஸ் 31.60; விமான நிலையம், வெர்சாய், டிஸ்னிலாந்து எல்லாம் அதிலேயே அடக்கம். அதை ஏற்றும் நவிகோ தெகூவெர்த் அட்டைக்கு 5 யூரோ, கூடவே ஒரு சின்ன போட்டோ. போட்டோ ஒட்டாமல் போனால் பரிசோதகர் அபராதம் போடுவார், ஊரிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். விமான நிலையம் போக வர 26 யூரோ, ஊருக்குள் ஐந்து தடவை 12.50 என்றாலே 38.50 ஆகிவிடும். அட்டையோடு சேர்த்தும் வார பாஸ் 36.60-தான்.

ஆனால் அந்தப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டும்; வெள்ளி முதல் அடுத்த வாரத்துக்குத்தான் விற்பார்கள். எனவே திங்களோ செவ்வாயோ இறங்கி ஞாயிறு கிளம்பும்படி விமானம் போடுங்கள். எந்த நாளிலும் தொடங்கலாம் என்று சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் பாரி விசித் பாஸ் ஐந்து நாளுக்கே வார பாஸைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதை வாங்க வேண்டாம்.

வார இறுதியில் இறங்கும் நான்கு பேர் குடும்பத்துக்கு அதே 2025 கட்டணப்படி ரயில் டிக்கெட் 52 யூரோ. சார்ல் து கோலிலிருந்து சேன் நதியின் வடகரைக்கு டாக்சிக்கு 2025-இல் 56 யூரோ என்று அரசே நிர்ணயித்திருந்தது, லாச்சப்பல் அந்தக் கரையில்தான் இருக்கிறது. பெட்டியோடு டாக்சியே எடுங்கள். சாந்துவான் பாரிஸ் எல்லைக்கு வெளியே என்பதால் அங்கே இந்த விலை செல்லாது, மீட்டர்தான் ஓடும்.