ஹட்டன்ல எலெக்‌ஷன் நோட்டீஸ் அடிச்ச கடை, நாலு ஸ்டார் குடுக்கலாம்

கடை பேரு போடல, மொதலாளியே வேணாம்னுட்டாரு, போட்டா அடுத்த எலெக்‌ஷனுக்கு ஊரு பூரா இங்கதான் வந்து நிக்கும்னு பயம் போல. இலங்கை மலையகத்து ஹட்டன் டவுன்ல, கீழ துணிக்கடை, பக்கத்துல இருக்கிற இடுக்கு படியில மாடி ஏறினா பிரிண்டிங் பிரஸ், மழை நாள்ல அந்தப் படி வழுக்கும் பாத்து ஏறுங்க. கல்யாண கார்டு, பில் புக், கோயில் திருவிழா நோட்டீஸ்தான் அவரோட மெயின் தொழில்.

நம்ம மச்சான், அத்தை மகன், 2025 மே 6 நடந்த உள்ளூராட்சி தேர்தல்ல நோர்வூட் பிரதேச சபைக்கு சுயேச்சைக்குழுவுல நின்னான். கட்சிக்காரங்களுக்கு ஆளுக்கு 1500 ரூபா கட்டுப்பணம் (டெபாசிட்), சுயேச்சைக்கு 5000, அதுலயே குழுவுல பாதிப் பேரு கையில காசு தீந்துபோச்சு. மிச்சம் இருந்ததுல நோட்டீஸ் அடிக்கணும்னு என்னைய கூட்டிட்டு போனான், எனக்கு டைப் பண்ண தெரியும்ங்கிற ஒரே காரணம்தான்.

போன ஒடனே மச்சான் 3000 நோட்டீஸ், 200 போஸ்டர்னு சொன்னான். மொதலாளி கண்ணாடிய எறக்கி பாத்துட்டு "போஸ்டர் எங்க தம்பி ஒட்டப் போறீங்க"ன்னாரு. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) சுவத்துல, பஸ் ஹோல்ட்லன்னான் இவன். "ஒட்ட விட மாட்டாங்க, ஒட்டினா பொலிஸ் கிழிக்கும், உங்க மேல கம்ப்ளைன்ட் போகும், நோட்டீஸ் மட்டும் அடிங்க"ன்னு அவரே அந்த ஓடர வெட்டிட்டாரு. வர்ற காச வேணாம்னு சொல்ற கடைக்காரன நான் ஹட்டன்ல மொத தடவையா பாத்தேன். எங்கள மாதிரி புதுசா நிக்கிறவனுக்கு இந்த ரூல்ஸ் எல்லாம் யாரு சொல்லித் தர்றா, கட்சிக்காரங்களுக்கு வக்கீல் இருக்கு, நமக்கு பிரஸ் மொதலாளிதான்.

அடுத்தது நோட்டீஸோட அடியில ஒரு குட்டி வரி. அச்சிட்டவர் பேரு விலாசம், வெளியிட்டவர் பேரு விலாசம், இது இல்லாம அவர் மிஷின ஸ்டார்ட் பண்ண மாட்டாரு, சட்டம் அப்பிடி. நாங்க இருக்கும்போதே ஒருத்தர் வந்து வேற ஒரு வேட்பாளர திட்டி எழுதின பேப்பர் ஒண்ண குடுத்து, பேரு இல்லாம 500 அடிச்சு தாங்க, ரெட்டை ரேட் தர்றேன்னாரு. மொதலாளி ஒண்ணும் பேசல, பேப்பர மடிச்சு திருப்பிக் குடுத்துட்டு எங்க புரூஃப் பக்கம் திரும்பிட்டாரு. அந்தாளு எந்தக் கட்சின்னு எனக்கும் தெரியும், வுடுங்க.

மச்சான் எழுதிக் குடுத்த மேட்டர் ரெண்டு பக்கம். அதுல முக்காவாசி பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவு பத்தி, அதாவது 2018ல திருத்துற வரைக்கும் சபைக் காச தேயிலைத் தோட்டத்துக்குள்ள செலவழிக்க வழி இல்லாம இருந்தது, ஓட்டு மட்டும் நம்மகிட்ட வாங்குவாங்க, ரோடு கேட்டா தோட்டத்து துரைய (மேனேஜர) கேளுன்னுவாங்க, இப்ப அந்த சாக்கு சொல்ல முடியாதுன்னு. விஷயம் சரிதான், ஆனா கொழுந்து எடை போட்டுட்டு வந்து நிக்கிற அக்கா அத படிப்பாங்களா? மொதலாளி சிவப்பு பேனாவுல நாலு வரியாக்கிட்டாரு. மச்சானுக்கு கோவம், எனக்கு நிம்மதி.

இப்ப குறை. எங்களுக்கு கெடச்ச சின்னம் கேத்தல் (தண்ணி சுட வைக்கிற கெட்டில்). வாட்ஸ்அப்ல புரூஃப் அனுப்பினாங்க, ராத்திரி பதினொரு மணிக்கு, கண்ண கசக்கிட்டு ஓகேன்னு போட்டுட்டேன், அச்சாகி வந்தப்புறம் பாத்தா கேத்தலோட மூக்கு வாக்குச்சீட்டுல இருக்கிறதுக்கு எதிர்ப் பக்கம். யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நெனச்சோம், எங்க அத்தை மொத நிமிஷத்துல கண்டுபிடிச்சாங்க. "வட்டாரம்"ல ற போட்டு "வட்டாறம்"னு ஒரு எடத்துல வேற இருந்துச்சு. பாதி தப்பு என்னோடதுதான், இருந்தாலும் பிரஸ்ல ஒரு ஆள் தமிழ் பாக்கணும் இல்லியா.

டிலே இன்னொண்ணு. ஏப்ரல் 25 ஓடர் குடுத்தோம், 28 தர்றேன்னு சொல்லி 30 சாயங்காலம்தான் கைக்கு வந்தது. மே 3 நடுராத்திரியோட பிரசாரம் முடியணும், அதுக்கப்புறம் நோட்டீஸ் நீட்டினாலே குத்தம், நடுவுல மே தினம் வேற, எல்லாரும் பஸ்ல ஏறி கூட்டத்துக்கு போயிட்டாங்க. மிச்ச ரெண்டு நாள்ல மழையில நாலு டிவிஷன் (தோட்டப் பிரிவு) ஏறி எறங்கினது எங்க முழங்காலுக்குத்தான் தெரியும். 400 நோட்டீஸ் அப்பிடியே மிஞ்சிடுச்சு.

ஆனா நான் இந்த ரிவியூ எழுதுறதே பில்லுக்காகத்தான். 2023ல தேர்தல் செலவு ஒழுங்குபடுத்துற சட்டம் வந்துச்சு, 3ஆம் இலக்கம், 2018 உள்ளூராட்சி தேர்தல் நேரம் அப்பிடி ஒண்ணு இல்ல, எவன் எவ்வளவு கொட்டினாலும் கேக்க ஆளில்ல. இந்தத் தடவை ஒரு வாக்காளருக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம்னு தேர்தல் ஆணைக்குழு கெசட்ல போட்டது, சபைக்கு சபை வித்தியாசம், 74 ரூபாவுல இருந்து 160 வரைக்கும். 2000 வாக்காளர்னு ஒரு கணக்குக்கு வச்சா கொறஞ்ச ரேட்டுலயே 148,000 வருது. எங்ககிட்ட அதுல கால்வாசியே இல்லாததால லிமிட் பத்தி கவலப்படல, கவலையெல்லாம் கணக்கு குடுக்கிறதுலதான். ரிசல்ட் வந்து 21 நாளுக்குள்ள வரவு எவ்வளவு, யாரு குடுத்தா, செலவு என்னாத்துக்குன்னு எழுதிக் குடுக்கணும், தோத்தவனும் குடுக்கணும். மச்சான் தோத்துட்டு "தோத்தவனுக்கு என்னாத்துக்கு கணக்கு"ன்னு படுத்துட்டான். 2024 தேர்தல்ல கணக்கு குடுக்காதவங்க மேல கேஸ் போட்டிருக்காங்கன்னு மொதலாளி போன்ல சொன்னதுக்கப்புறம்தான் எழும்பினான்.

அவர் குடுத்த பில்ல பாக்கணும் நீங்க. நோட்டீஸ் 3000, ரெண்டு கலர், சைஸ், திகதி, வேட்பாளர் பேரு, 21,000 ரூபா. மச்சானோட அப்பாவ தெரியும்னு 2000 கொறச்சாரு, ஆனா 19,000னு எழுதல, முழுத் தொகையையும் எழுதி கீழ தனியா "நன்கொடை 2000"னு போட்டு கையெழுத்து வச்சாரு. காசா குடுத்தாலும் பொருளா குடுத்தாலும் கணக்குல வரணும் தம்பின்னாரு. அத பாத்துத்தான் எங்களுக்கும் புத்தி வந்து, ஓசியா ஓடின ஆட்டோவுக்கு ஒரு மதிப்பு, பேஸ்புக் பூஸ்ட்டுக்கு கார்ட்ல போன காசு, பொக்கட் மீட்டிங்குக்கு (சின்ன கூட்டம்) எடுத்த ஸ்பீக்கர் வாடகை எல்லாத்தையும் எழுதினோம். அந்த மீட்டிங்ல அத்தை எல்லாருக்கும் ரொட்டியும் சம்பலும் குடுக்கப் போனத நான்தான் நிப்பாட்டினேன், ஓட்டுக்காக சாப்பாடு குடுக்கிறது உபசரிப்புன்னு பெரிய குத்தத்துல வரும், அத்தை இன்னும் என்கூட சரியா பேசல.

தோட்டத்து பக்கத்து கடைக்காரர் ஒருத்தர் ஒரு என்வலப்ல 10,000 வச்சு "எம் பேரு வேணாம்"னு குடுத்தாரு, நல்ல மனசுதான். பேரு சொல்லாத காச வாங்கக் கூடாது, வெளிநாட்டு அரசாங்கம், வெளிநாட்டுல பதிஞ்ச கம்பெனி காசும் கூடாது (எங்களுக்கு யாரு குடுக்கப் போறா). அப்ப அடிப்படைச் சம்பளம் நாளைக்கு 1350 வாங்கின வீட்டுல 10,000 ரூபாய திருப்பிக் குடுக்கிறது லேசு இல்ல, மச்சான் ரெண்டு நாள் அந்த என்வலப்ப மேசை ட்ரோயர்ல வச்சு தெறந்து தெறந்து பாத்துட்டுத்தான் குடுத்தான்.

18ஆவது நாள் தலவாக்கலை வழியா பஸ் ஏறி நுவரெலியா தேர்தல் ஆபீஸ்ல கொண்டு போய் குடுத்தோம். அங்க இருந்தவர் பில்லுகள பொரட்டிட்டு பிரிண்டிங் பில்ல மட்டும் ரெண்டாவது தடவ பாத்து "இது ஒழுங்கா இருக்கு"ன்னாரு, மத்ததுக்கு மூஞ்சிய சுளிச்சாரு.

ரேட் ஹட்டனுக்கு நடுத்தரம், கண்டியில கொஞ்சம் கொறயலாம், ஆனா பஸ் காசு போயிடும். பேப்பர் தரம் நல்லது, மழையில நனஞ்சும் கலர் எறங்கல. போயா (பௌர்ணமி லீவு) அன்னிக்கி பூட்டு. ஒரு ஸ்டார் கொறச்சது டிலேக்கும் வட்டாறத்துக்கும். மத்திய மாகாண சபை தேர்தல் 2013க்கு அப்புறம் நடக்கவே இல்ல, அது வந்தா மச்சான் திரும்ப நிப்பானாம், அதுக்கு முன்னாடி என் தங்கச்சி கல்யாண கார்டு அங்கதான் குடுத்திருக்கேன், புரூஃப பகல்ல அனுப்ப சொல்லியிருக்கேன்.