திருகோணமலையில் பந்தயச் சைக்கிளை நம்பி ஒப்படைக்கக்கூடிய கடை

அனுராதபுரச் சந்தியிலிருந்து நகரை நோக்கி வரும் வழியில், ஒழுங்கையொன்றினுள் தகரக் கூரை போட்ட ஒரு சைக்கிள் திருத்தும் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. மீன் வியாபாரிகளின் பார் சைக்கிள்களும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களும் முன்புறம் சாய்த்து வைக்கப்பட்டிருக்க, உள்ளே கூரை வளையில் தொங்கும் கொக்கிகளில் பந்தயச் சைக்கிள்கள் சில மாட்டப்பட்டிருக்கும். கடைக்காரரை வயது வேறுபாடின்றி எல்லோரும் ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சில ஆண்டுகளாக என் சைக்கிளை வேறெங்கும் கொண்டுபோகாதவன் என்ற முறையில், இந்தக் கடையின் வேலைத் தரத்தைப் பற்றியும், அங்கே எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்க முடியாது என்பதைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டும் படித்துக்கொண்டும் போட்டிகளில் ஓடும் நம்மவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நம் நிலைமையை முதலில் சொல்லவேண்டும். இலங்கையில் தேசிய மட்டப் போட்டியொன்றின் தொடக்கக் கோட்டில் நின்றால், பக்கத்தில் நிற்பவர்களில் பலர் இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் அணியினர். அவர்களுக்குப் பயிற்சியே கடமை. பின்னால் வாகனத்தில் மேலதிகச் சில்லுகளும் திருத்துநரும் வருவார்கள். நாமோ அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து நிலாவெளி வரை ஓடித் திரும்பி, குளித்துவிட்டு எட்டரைக்கு அலுவலகத்தில் கையொப்பமிட வேண்டியவர்கள். போட்டியின் நடுவே ரியூப் வெடித்தாலோ கியர் கேபிள் அறுந்தாலோ நம்முடைய ஓட்டம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். மாதக்கணக்கில் செய்த பயிற்சி ஒரு சிறு கம்பி இழையால் வீணாவதைக் கண்டவர்களுக்கு, போட்டிக்கு முன் சைக்கிளைப் பார்த்துத் தரும் கை எவ்வளவு முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. நம் உடலின் தயார்நிலையை நாமே பார்த்துக்கொள்ளலாம். சைக்கிளின் தயார்நிலைக்கு இன்னொருவரை நம்பித்தான் ஆகவேண்டும்.

அதிலும் திருகோணமலை சைக்கிளுக்கு இலகுவான ஊர் அன்று. நாங்கள் பெரும்பாலும் பயிற்சி செய்வது சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று கடலோரமாக வடக்கே புல்மோட்டை வரை போகும் வீதியில். மேடுகள் அதிகமில்லாததால் பார்ப்பவர்கள் அதைச் சுலபமான பாதை என்று நினைப்பார்கள். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால், வடக்கே போகும்போது அது இடப்புறத்திலிருந்து சாய்வாக அடிக்கும். முன்னால் ஓடுபவரின் மறைவில் ஒட்டி ஓடினால் ஏறத்தாழ முப்பது சதவீத உழைப்பு மிச்சமாகும் என்பது சைக்கிளோட்டத்தின் அடிப்படைக் கணக்கு. பக்கக் காற்றில் அந்த மறைவு நேர் பின்னால் கிடைக்காது, சற்று வலப்புறமாகத்தான் கிடைக்கும். ஆகவே ஓட்டக்காரர்கள் சாய்வரிசையாக விரிந்து போவார்கள். வீதியின் அகலம் முடிந்த இடத்தில் நிற்பவருக்கு மறைவே இல்லை. அங்கே ஒருமுறை பத்து மீற்றர் பின்தங்கிவிட்டால் மீண்டும் கூட்டத்தைப் பிடிப்பது மிகக் கடினம், ஏனென்றால் வேகம் மணிக்கு முப்பதிலிருந்து நாற்பது கிலோமீற்றராக உயரும்போது காற்றை வெல்லத் தேவைப்படும் வலு இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. இவ்வளவு நுண்ணிய வித்தியாசத்தில் போட்டி தீர்மானிக்கப்படும்போது, உரசும் பிரேக் கட்டையும் இறுகிப்போன பெயரிங்கும் சிறிய விடயங்கள் அல்ல.

உப்புக் காற்று இன்னொரு எதிரி. கடலுக்கு இத்தனை அருகில் வைத்திருக்கும் எந்த உலோகமும் கவனிக்கப்படாமல் இருந்தால் கெட்டுப்போகும். அலுமினியச் சட்டத்தினுள் செருகிய இருக்கைத் தண்டு ஓராண்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சில்லுக் கம்பிகளை வளையத்தோடு இறுக்கும் சிறு திருகுகளான நிப்பிள்கள் அலுமினியத்தில் இருந்தால், துருவேறாக் கம்பிகளின்மேல் அரித்து வெடிக்கும். இந்த ஊரில் சில்லுக்குப் பித்தளை நிப்பிள்தான் போடவேண்டும் என்று அண்ணை பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இதுதான். சில கிராம் எடை கூடும் என்று வாதாடும் இளைஞர்களிடம் அவர் விட்டுக்கொடுப்பதில்லை, அது சரியான முடிவு என்றே நானும் கருதுகிறேன்.

இந்தக் கடையை ஏன் நம்புகிறேன் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். கான்டில் நாடா கிழிந்துவிட்டதால் புதிய நாடா சுற்றித் தரும்படி நண்பர் ஒருவர் தன் சைக்கிளைக் கொண்டுவந்திருந்தார். நானும் உடன் இருந்தேன். வேறெந்தக் கடையிலும் பழையதை உரித்துவிட்டுப் புதியதைச் சுற்றிக் காசை வாங்கியிருப்பார்கள். அண்ணை உரித்த நாடாவின் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. பிரேக் பிடியைக் கழற்றி, அதன் அடியிலிருந்த பகுதியைத் துணியால் துடைத்தார். அலுமினியத்தில் அம்மைத் தழும்புபோல் சிறு குழிகள் தெரிந்தன. வியர்வையின் உப்பு நாடாவுக்குள் தங்கி உலோகத்தை அரித்திருந்தது. கூரான ஊசியொன்றை ஒரு குழியில் வைத்து இலேசாக அழுத்தியபோது அது இறங்கியது. “தம்பி, இதைச் சுத்தி மூடித் தரமாட்டன். முழு வேகத்தில எழும்பி மிதிக்கேக்க இது முறிஞ்சால் முகத்திலதான் விழுவீங்கள். வேற கான்டில் கொண்டு வாங்கோ” என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தார். தன்னிடம் விற்பதற்குக் கான்டில் ஒன்று இருந்தும், இரண்டாம் கைச் சந்தையில் தேடினால் மலிவாகக் கிடைக்கும் என்று சேர்த்துச் சொன்னார். அன்று அவருக்கு ஒரு ரூபாய்கூட வருமானம் இல்லை.

சில்லு வளைவு எடுப்பதில் அவருக்கு நிகராக இந்த ஊரில் எவரையும் நான் கண்டதில்லை. சில்லைத் தாங்கியில் மாட்டிச் சுழலவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக விரல் நகத்தால் மீட்டி ஒலியைக் கேட்பார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலித்தால்தான் இழுவிசை சமமாக இருக்கிறது என்று பொருள். பிறகு கால் திருகு, அரைக்கால் திருகு என்று நிப்பிளைத் திருப்புவார். வளைவு நேரான பின்னும் விட்டுவிடாமல், சில்லைத் தரையில் கிடத்தி இரு கைகளாலும் அழுத்தி, முறுகியிருந்த கம்பிகள் ‘டிக்’கென்று தளர்ந்த பின் மீண்டும் தாங்கியில் ஏற்றிப் பார்ப்பார். இந்தக் கடைசி வேலையைச் செய்யாத சில்லு, கடையில் நேராக இருந்தாலும் கந்தளாய் வரை போய்வருவதற்குள் மீண்டும் ஆடத் தொடங்கும்.

செயினைப் பொறுத்தவரை அவர் கண்மதிப்பில் எதையும் சொல்வதில்லை. அளவுகோல் வைத்தே பார்க்கிறார். புதிய செயினின் பன்னிரண்டு முழுக் கண்ணிகள் 304.8 மில்லிமீற்றர். அது 0.75 சதவீதம் நீண்டுவிட்டால் எட்டு முதல் பத்து வேகச் சைக்கிள்களிலும் (பின்பற்சக்கரங்களின் எண்ணிக்கையே வேகம் எனப்படுகிறது), 0.5 சதவீதம் நீண்டுவிட்டால் பதினொரு வேகச் சைக்கிள்களிலும் செயினை மாற்றச் சொல்கிறார். மாற்றாமல் ஓடினால் தேய்ந்த செயின் பின்பற்சக்கரங்களையும் தேய்த்துவிடும், அவற்றின் விலை செயினைப் போலப் பல மடங்கு. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டு, நாடு முழுவதும் மக்கள் சைக்கிளுக்குத் திரும்பி, இறக்குமதித் தடைகளாலும் ரூபாயின் வீழ்ச்சியாலும் உதிரிப்பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, இந்த அறிவுரையைக் கேட்டிருந்தவர்களின் சைக்கிள்கள் தொடர்ந்து ஓடின. விலைகள் பிறகும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்பதால் இன்றும் அது பொருந்தும்.

எதை வாங்க வேண்டாம் என்று சொல்லும் துணிவும் அவருக்கு உண்டு. பந்தயம் என்றாலே எடை குறைந்த சைக்கிள் என்ற எண்ணம் நம் இளைஞர்களிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. சர்வதேசச் சைக்கிளோட்ட ஒன்றியம் பந்தயச் சைக்கிளுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச எடை 6.8 கிலோகிராம் என்பதை எங்கோ படித்துவிட்டு, தங்கள் ஒன்பதரைக் கிலோ சைக்கிளை அந்த அளவுக்கு இறக்கக் கடன்படத் தயாராக வருவார்கள். அவர்களிடம் அண்ணை, நீர் நிறைத்த இரண்டு பெரிய போத்தல்களின் எடையே ஒன்றரைக் கிலோ என்று காட்டிவிட்டு, நம் வீதிகளில் எடையைவிடக் காற்றும் ரயரும்தான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன என்று விளக்குவார். அவருடைய பரிந்துரையில்தான் நான் 23 மில்லிமீற்றர் ரயரைக் கைவிட்டு 28 மில்லிமீற்றருக்கு மாறினேன். சுமார் எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அதில் எழுபதை ஒட்டிய பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். முன்பு நூறுக்கு மேல் அடித்துக் கல்போல் ஓடிய சைக்கிள் சொரசொரப்பான தாரில் துள்ளித் துள்ளி வேகத்தை இழந்தது. இப்போது வீதியைப் பிடித்துக்கொண்டு போகிறது. குச்சவெளிப் பக்கம் மணல் படிந்த வளைவுகளிலும், நகருக்குள் புள்ளிமான் திடீரென்று குறுக்கே வரும்போது பிரேக் பிடிப்பதிலும் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

கருவிகளும் ஒழுங்காக இருக்கின்றன. காபன் பாகங்களின் ஆணிகளை அளவு காட்டும் முறுக்குத் திறப்பானால்தான் இறுக்குகிறார். ஐந்து நியூட்டன் மீற்றர் என்று எழுதியிருந்தால் ஐந்துதான். பெடல்களின் அச்சைத் தாங்கும் குடுவைகளில், ஆங்கில முறைத் திருகுப் புரியுள்ள சட்டங்களுக்கு வலப்பக்கக் குடுவை எதிர்த்திசைப் புரியில் இருக்கும் என்பதுகூடத் தெரியாத ஒரு கடையில், முன்பொரு முறை என் சட்டத்தின் புரியைக் குழாய்த் திறப்பான் கொண்டு கெடுத்துவிட்டார்கள். அதைப் பொறுமையாகப் புரிவெட்டியால் சீராக்கி, கிறீஸ் பூசி, இன்றுவரை சத்தமில்லாமல் ஓட வைத்தவர் அண்ணைதான்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்தால் இந்த மதிப்பீட்டுக்குப் பொருளில்லை. முதலாவது, சொன்ன நாளில் வேலை முடிவது அரிது. மீன் வியாபாரியின் சைக்கிள் நின்றால் அவருடைய அன்றைய பிழைப்பு நின்றுவிடும் என்பதால் அதற்குத்தான் முதலிடம். பந்தயச் சைக்கிள் கொக்கியில் காத்திருக்கும். அந்த ஒழுங்குமுறையை நான் மதிக்கிறேன், ஆனால் போட்டி நெருங்கும்போது அது மிகுந்த பதற்றத்தைத் தரும். இரண்டாவது, பற்றுச்சீட்டு எழுதித் தருவதில்லை. உதிரிப்பாகத்தைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தால் வாங்கிய சீட்டைக் காட்டிக் கூலியைத் தனியாகச் சொல்வார், அதில் நேர்மை இருக்கிறது; ஆயினும் எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவு நம் கையில் இருப்பது நல்லது, நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்கிறேன். மூன்றாவது, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் தட்டுப் பிரேக்குகளை அவர் தொடுவதில்லை. 2018 முதல் வீதிப் பந்தயங்களில் தட்டுப் பிரேக்குகள் முறையாக அனுமதிக்கப்பட்டுப் புதிய சைக்கிள்கள் பெரும்பாலும் அவற்றுடனேயே வருவதால், இந்தக் குறை வருங்காலத்தில் பெரிதாகும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி அனுப்புவது நல்ல குணம்தான் என்றாலும், அந்தச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் வேறு ஊருக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

உடலுக்கேற்ப இருக்கை உயரத்தையும் கான்டில் தூரத்தையும் அமைத்துத் தருவதிலும் இக்கடை இன்னும் முன்னேற வேண்டும். கண்ணால் பார்த்து, குதிக்காலைப் பெடலில் வைத்துக் காலை நீட்டச் சொல்லி உயரம் வைக்கிறார். ஆண்களில் பெரும்பாலானோருக்கு அது போதுமாக இருக்கிறது. ஆனால் அண்மைக்காலமாகப் போட்டிகளில் ஓடத் தொடங்கியிருக்கும் பெண் பிள்ளைகளுக்கு, பெரியவர்களின் சட்டத்தில் குறுகிய கான்டிலும், கான்டிலைத் தாங்கும் குட்டையான தண்டும் தேவைப்படுகின்றன. அவை கடையில் இருப்பில் இல்லை. தந்தையோடு வந்திருந்த மாணவி ஒருத்தி, கை எட்டாததால் தோள் வலிக்கிறது என்று சொன்னதை அவர் அக்கறையோடு கேட்டுக்கொண்டு, அடுத்த கிழமையே ஒரு குட்டைத் தண்டைத் தேடிப் பிடித்துப் பொருத்திக் கொடுத்ததையும் நான் அறிவேன். ஆகவே அக்கறை இல்லாமல் இல்லை, இருப்புத்தான் இல்லை.

நல்ல திருத்துநர் ஒருவரால் வெற்றியை வாங்கித் தர முடியாது. சித்திரைப் புத்தாண்டுப் போட்டியொன்றில், பளிச்சென்று தயார்செய்த சைக்கிளோடு முன்கூட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் தம்பி ஒருவரின் ரயரில் போத்தல் துண்டொன்று ஏறி, முடிவுக்கோட்டுக்குச் சில கிலோமீற்றர் இருக்கையில் அவர் வீதியோரத்தில் நிற்கவேண்டியதாயிற்று. அழுகையை அடக்கிக்கொண்டு சைக்கிளை உருட்டி வந்தார். மறுநாளே கடைக்குப் போய் ரியூபை மாற்றி, அடுத்த போட்டியில் ஓடி, படை அணியினரின் கூட்டத்தோடு சேர்ந்தே கோட்டைத் தாண்டினார். இடம் கிடைக்கவில்லை, ஆனால் கடைசிவரை அவர்களால் அவரை உதற முடியவில்லை என்பதை இந்த ஊரில் சைக்கிள் ஓடும் எல்லோரும் பெருமையாகக் கதைத்தோம். அந்த ஓட்டத்தில் அவருடைய செயின் ஒருமுறைகூடத் துள்ளவில்லை.

போக விரும்புபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. புத்தாண்டுப் போட்டிகளுக்கான வேலையைப் பங்குனி முதல் வாரத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள். பங்குனிக் கடைசியில் போனால் கொக்கியில் இடமிருக்காது. எந்தப் போட்டி, எத்தனை கிலோமீற்றர், எந்த வீதி என்பதைச் சொல்லுங்கள், ரயரையும் பின்பற்சக்கரத்தையும் அதற்கேற்பவே அவர் பார்க்கிறார். சைக்கிளைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோங்கள். சட்டத்தில் வெடிப்பு இருந்தால் அழுக்குக்கு அடியில் தெரியாது. கியர் பிடியினுள் இருக்கும் கேபிள் இழை பிரிந்திருக்கிறதா என்று பார்க்கும்படி நீங்களாகவே கேளுங்கள், அது வெளியே தெரியாமல் உள்ளே அறும் பாகம். போட்டிக்கு முந்திய நாள் எதையும் மாற்றச் சொல்லாதீர்கள். புதிய கேபிள் சில நாள் ஓட்டத்தில் நீண்டு தளரும், அதை மீண்டும் இறுக்கித் தர அவருக்கு ஒரு தடவை அவகாசம் கொடுக்கவேண்டும்.