பளபளப்பா, மேட்டா, குழிகளா: பந்தயக் காரின் மேற்பரப்புக்கு எது ஏற்றது?

சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக என் பழைய சலூன் காரைப் புதுப்பித்தபோது, மேற்பரப்புக்கு மூன்று வழிகள் இருந்தன: பளபளப்பான பெயின்ட், பளபளப்பில்லாத மேட் வினைல் உறை (காரின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலம்), கோல்ஃப் பந்தைப் போலக் குழிகள் இட்ட உறை. நான் பெயின்டைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பக்கமே சாய்ந்து எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குழிகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சிறிய பந்தின் மீது சீராக ஓடும் காற்றுப் படலம் விரைவில் விலகிவிடுவதால், அதைக் கலக்கி ஒட்டவைக்கக் குழிகள் தேவைப்படுகின்றன. நான்கு மீட்டர் நீளமுள்ள காரிலோ, முன்பகுதியைக் கடந்த சிறிது தூரத்திலேயே அப்படலம் தானாகக் கலங்கிவிடுகிறது. கலக்கம் உதவும் இடம் பின்கண்ணாடிக்கு மேலே உள்ள கூரை விளிம்புதான். அங்கே சிறு துடுப்புகளை வைத்துச் சோதித்த மிட்சுபிஷி பொறியாளர்கள், லான்சர் எவல்யூஷன் காரின் இழுவைக் குணகமும் (காற்று காரைப் பின்னிழுப்பதன் அளவு) தூக்குக் குணகமும் (காற்று காரை மேலே தூக்குவதன் அளவு) தலா 0.006 குறைந்ததாக 2004இல் எழுதினார்கள்.

மேட்டா பளபளப்பா என்பதில் காற்றுக்கு அநேகமாக வேறுபாடே தெரியாது. மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் சுமார் 0.03 மி.மீ.க்கு உட்பட்ட சொரசொரப்பு இழுவையைக் கூட்டுவதில்லை; இரண்டு பூச்சுகளுமே அதற்குள் அடங்கிவிடும். ஆனால் டயரிலிருந்து உதிரும் ரப்பர் துணுக்குகளும் மோதிச் சாகும் பூச்சிகளும் அந்த அளவைப் பன்மடங்கு மீறுகின்றன. எனவே எது எளிதில் சுத்தமாகும் என்பதே முடிவைத் தீர்மானித்தது. பளபளப்பான பானட்டில் ஒட்டிய ரப்பரை மெழுகு தொட்ட துணியால் தேய்த்து, நகத்தால் நெம்பினால் போதும். மேட் வினைலில் அப்படித் தேய்த்த இடமெல்லாம் எண்ணெய்க் கறை போலப் பளபளத்து நிற்கும். தவிர, ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமனுள்ள வினைலின் விளிம்பு பம்பர் முனையில் பிரிந்து எழும்பினால், அதுவே காற்றுக்கு ஒரு படிக்கட்டு ஆகிவிடும்.

ஃபார்முலா 1 அணிகளின் கணக்கு வேறு. 2019இல் ஃபெராரி மேட் பூச்சுக்கு மாறியதும், 2023இல் மெர்சிடஸ் காரின் கார்பன் இழை உடலைப் பெரும்பாலும் பூச்சின்றி விட்டதும் எடையைக் குறைப்பதற்காகவே. இறக்கை பொருத்திய காரை நான் ஓட்டியதில்லை. ஆயினும் அங்கே துடைக்க வேண்டிய முதல் இடம் இறக்கையின் அடிப்பக்க முன்விளிம்பு என்பதே என் எண்ணம், ஏனெனில் காரைத் தரையோடு அழுத்தும் கீழழுத்தத்தின் பெரும்பங்கு அந்த உறிஞ்சும் பக்கத்தில்தான் பிறக்கிறது.