அண்ணத்தில் புதைந்திருந்த கோரைப்பல்: சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் மூன்றாம் படிவம் (பதினைந்து வயதில் படிக்கும் வகுப்பு) படித்துக்கொண்டிருந்தபோது, மேல்வரிசையின் இடப்பக்கத்துப் பால் கோரைப்பல் விழாமலே நிற்பதைப் பள்ளிக்கு வந்த அரசாங்கப் பல் மருத்துவக் குழுவினர் கவனித்தனர். வலப்பக்கத்தில் நிலையான பல் முளைத்து நெடுநாள் ஆகியிருந்தது. வலியோ வீக்கமோ இல்லாததால் வீட்டில் எவருக்கும் அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை. தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே படத்தில்தான், வெளியே வந்திருக்க வேண்டிய பல் அண்ணத்தின் பக்கமாகச் சாய்ந்து, அடுத்திருக்கும் வெட்டுப்பல்லின் வேரை நோக்கிப் படுத்திருப்பது தெரிந்தது.

ஞானப்பல்லுக்கு அடுத்தபடியாக அதிகம் புதைவது மேல்தாடைக் கோரைப்பல்தான். ஏறத்தாழ நூற்றில் இருவருக்கு இது நேர்கிறது; ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். மூக்கின் அடிப்பகுதிக்கு அருகே, மிக உயரத்தில் உருவாகி நெடுந்தூரம் இறங்கி வரவேண்டியிருப்பதால், அந்தப் பல் வழிமாறுவதற்கு வாய்ப்பும் கூடுதல். அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அப்பா கேட்டார். பக்கத்துப் பல்லின் வேர் அரிக்கப்படலாம், புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகலாம், பால் பல்லும் வாழ்நாள் முழுவதும் தாங்காது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அந்த விளக்கம் கிடைத்திராவிட்டால், எங்கள் குடும்பம் இவ்வளவு நீண்ட சிகிச்சைக்குச் சம்மதித்திருக்காது.

முதலில் மேல்வரிசைக்குக் கம்பி போட்டு, பல் இறங்குவதற்கான இடத்தை உருவாக்கினார்கள். அதன் பிறகு சிறு அறுவைச் சிகிச்சை நடந்தது. பால் பல்லைப் பிடுங்கி, அண்ணத்து ஈறைத் திறந்து, பல்லை மூடியிருந்த எலும்பை அகற்றி, பல்லின்மேல் மெல்லிய தங்கச் சங்கிலி ஒன்றை ஒட்டி, ஈறை மீண்டும் தைத்துவிட்டார்கள். ஈறைத் தைக்காமல் திறந்தே விடும் முறையும் உண்டு. இரண்டில் ஒன்று மற்றதைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதால், மருத்துவருக்குப் பழக்கமான முறையை ஏற்பதே சரி என்று கருதுகிறேன். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்ததால், இழுபடும் உணர்வைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஊசியின் வேகம் இறங்கிய பிறகு சில நாள்கள் அண்ணம் வீங்கிப் பேச்சு குழறியது. கஞ்சியும் ஆறிய மைலோவுமே உணவாயின.

உண்மையான கடினம் அதன் பிறகுதான் தொடங்கியது. சங்கிலியை இழுப்பதற்கு ஐம்பது, அறுபது கிராம் எடைக்கு நிகரான விசை போதும் என்பதால், பல மாதங்கள் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. இன்னும் பலமாக இழுக்கக் கூடாதா என்று அம்மா கேட்டபோது, தோட்டத்தில் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த என் பாட்டி, “மரத்த ஆழமா வெட்டினா பால் கூடாதும்மா, காயந்தான் படும்” என்றார். மருத்துவர் சொன்ன காரணமும் அதுவே: மிகுந்த விசை வேரைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் சிகிச்சைக்காக ஈப்போ நகருக்குப் பேருந்தில் சென்றுவர ஒரு நாள் முழுவதும் ஆகும். உடன் வந்த அம்மாவுக்கு அன்றைய சம்பளம் இல்லை. கட்டணத்தை மட்டும் கணக்கிடும் பெற்றோர் இந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாசி லெமாக்கில் வரும் வறுத்த நெத்திலியும் கடலையும் கம்பியில் சிக்கிக்கொள்ளும் என்பதால், பள்ளிப் பையில் எப்போதும் பல் துலக்கி இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான இழுப்புக்குப் பிறகு பல் வரிசையில் வந்து நின்றது.

தெரிந்தவர்களின் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், ஒன்பது பத்து வயதிலேயே பரிசோதிக்கும்படி வற்புறுத்துகிறேன். அந்த வயதில் பால் கோரைப்பல்லுக்கு மேலே, ஈறின் வெளிப்புறத்தில், வரப்போகும் பல்லின் மேட்டை விரலால் தடவி உணர முடியும். ஒரு பக்கம் மட்டும் மேடு இல்லாவிட்டால் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது. சுவீடனைச் சேர்ந்த எரிக்சன், குரோல் ஆகிய இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், உரிய வயதில் பால் பல்லை மட்டும் பிடுங்கியதன் பிறகு, வழிமாறிய 46 கோரைப்பற்களில் 36 பற்கள் சரியான பாதைக்குத் திரும்பின. எனக்குக் கண்டறிந்தபோது அந்த வாய்ப்பு ஏறக்குறையக் கடந்துவிட்டிருந்தது.

இன்று அந்தப் பல் உறுதியாக இருக்கிறது; கரும்பையும் கடிக்கிறேன். அருகிலுள்ள பற்களைவிட ஈறு சற்றே மேலேறியிருந்தாலும், அது சிரிக்கும்போது தெரிவதில்லை. ஆனால் சிகிச்சை முற்றிலும் முடிந்துவிட்டது என்று சொல்ல இயலாது, ஏனெனில் இழுத்து வந்த பல் பழைய திசைக்கே திரும்பப் பார்க்கும். பற்களின் உட்புறத்தில் ஒட்டிய மெல்லிய கம்பியோடு, இரவில் ரிடெய்னரும் (பற்கள் நகராமல் பிடித்துவைக்கும், கழற்றி மாட்டும் கருவி) அணிந்து வருகிறேன். ஒருமுறை அந்தக் கம்பியின் ஒட்டு விட்டுப்போய்ச் சில வாரங்களிலேயே பல் சற்றுத் திரும்பிவிட்டதால், ஒட்டு விட்டால் உடனே கிளினிக்குக்குச் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். ரிடெய்னரை வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும். குளிர்ந்த நீரே போதும். உட்புறக் கம்பியின் ஓரத்தில் காரை (பல்லில் இறுகிப் படியும் அழுக்கு) படிவதால், அதை எடுப்பதற்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை எங்கள் ஊர் கிளினிக்குக்கே போய் வருகிறேன்.